செங்கவசனும் நீலக் காவலனும் சகலைகள்

என் கணவரும் என் அக்காவின் கணவரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. ஒருவரைப் பற்றி மற்றவர் குறையாக ஒரு வார்த்தை சொல்லியும் நாங்கள் கேட்டதில்லை. அப்பாவின் கருமாதி முடிந்த பிறகு எங்கோ ஓரிடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. அதை நானும் அக்காவும் கவனிக்கவே சில மாதங்கள் ஆயின.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் போகும் சாலையில், நாலு வீடு இடைவெளியில் எங்கள் இரண்டு வீடுகளும். அக்கா கணவருக்கு வெல்டிங் பட்டறை. நான் அவரை மாமா என்பேன். என் கணவர் மினி லாரி வைத்திருக்கிறார். மலைக்கு மேலே போய் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து ஜவ்வரிசி ஆலையில் இறக்குவார். நான் வீட்டிலேயே தையல். சகலைகள் பேசாமல் இருப்பதற்கு இந்தத் தொழில்களில் எந்தக் காரணமும் கிடையாது. லாரியில் ஏதாவது உடைந்தால் கூப்பிடு தூரத்தில் பட்டறை. ஆனால் என் கணவர் சின்னசேலம் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போய் வேறொருவரிடம் பற்றவைத்து வருவார்.

எனக்கு இதில் கோபத்தைவிட ஆவல்தான் அதிகம். ஒரு கல்யாணத்தில் இவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் அவர் கடைசிப் பந்தி. பேசிவைத்துக்கொள்ளாமலே எப்படி இவ்வளவு சரியாகப் பிரிந்துகொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். காரியத்தன்று யாரையாவது கேட்காமல் ஏதாவது செய்துவிட்டார்களோ, யாராவது மூட்டிவிட்டார்களோ என்று பலவாறு யோசித்தேன். ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"மாமாவுக்கும் உங்களுக்கும் இன்னாங்க?"

"ஒண்ணுமில்லியே. அவரு வேலைய அவரு பாக்குறாரு, என் வேலைய நான் பாக்குறேன்."

அக்காவும் அவள் வீட்டில் கேட்டிருக்கிறாள். மாமா எழுந்து போய்க் கிரைண்டிங் மிஷினைப் போட்டுவிட்டாராம். அந்தச் சத்தத்தில் எதைக் கேட்பது?

இப்படி இருக்கும்போதுதான் பிள்ளைகளுக்கு அந்த விண்வெளித் தொடர் பிடித்தது. அக்கா மகள் ஆறாவது படிக்கிறாள், என் மகள் மூன்றாவது. பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பேரும் என் தையல் மிஷினில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஏதோ ஒரு தேசத்தில் எடுத்தது, தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். இரண்டு கிரகங்கள். நடுவில் வானத்தில் ஒரு பெரிய கல்வாசல். நீலக் காவலன் என்று ஒருவன், நீண்ட ஈட்டியோடு அந்த வாசலைக் காக்கிறான். செங்கவசன் என்று இன்னொருவன், கொக்கி போட்ட சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு அதைக் கடக்கப் பார்க்கிறான். கப்பல்கள் வெடிக்கின்றன, நட்சத்திரங்கள் அணைகின்றன, எது நடந்தாலும் ஒவ்வொரு பாகமும் இந்த இருவரின் சண்டையில்தான் போய் முடியும்.

அக்கா மகள் நீலத்தின் கட்சி. என் மகள் சிவப்பு. "அவன் பாட்டுக்கு வூட்டுக்குப் போவணும்னுதான சொல்றான், வழிய வுட வேண்டியதுதான" என்பது என் மகளின் வாதம். "வுட்டா எல்லாரும் பூந்துடுவாங்கடி" என்பது பெரியவளின் வாதம்.

முதலில் நான் காதில் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன். பிறகு ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும் நேரத்தில் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்று உண்டு. சண்டையின் முடிவில் இருவரில் ஒருவன் கீழே விழுந்து கிடப்பான். ஒரே குத்தில் முடிந்துவிடும். நிற்கிறவன் ஓங்கிய ஆயுதத்தை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். ஒரு பாகத்தில் நீலம் ஆயுதத்தை இறக்கும், அடுத்ததில் சிவப்பு.

"ஏன் சித்தி வுட்டுட்டான்?" என்று பெரியவள் என்னிடம் கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் நானும் அடுத்த பாகத்துக்குக் காத்திருந்தேன்.

அந்த வருஷம் அக்கா மகளின் பிறந்தநாளுக்கு அவளே ஒரு திட்டம் போட்டாள். மொட்டை மாடியில் பந்தல் போட வேண்டும், கேக் வெட்டியதும் நீலக் காவலனும் செங்கவசனும் வந்து சண்டை போட வேண்டும். வேஷம் கட்டப் பையன்கள் யாரையாவது பிடிப்பாள் என்று நினைத்தோம். அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவரின் எதிரில் நின்றாள்.

"சித்தப்பா, நீங்கதான் செங்கவசன். ஒரு வார்த்த பேச வேணாம். ஹெல்மெட்டு போட்டுக்கினா மூஞ்சியே தெரியாது."

"எதிர்ல யாரு?"

"எங்கப்பா."

நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவர் மிச்ச டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"சங்கிலி நெசம் சங்கிலியா, பிளாஸ்டிக்கா?"

அதுதான் அவருடைய சம்மதம். பட்டறையில் மாமா எப்படிச் சம்மதித்தார் என்று அக்காவிடம் விசாரித்தேன். "ஈட்டி எத்தினி அடி இருக்கணும்னு கேட்டாரு" என்றாள்.

அதன்பிறகு நடந்ததை நான் வெகுவாக ரசித்தேன். மாமா சாயங்காலத்தில் என் மகளைப் பட்டறைப் பக்கம் கூப்பிட்டு, கடலை மிட்டாயைக் கையில் கொடுத்து, யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேட்பாராம்.

"உங்கப்பன் கவசத்துக்கு இன்னா போடுறான்?"

"தார்ப்பாய், பெரியப்பா. அம்மா சிவப்பு ரெக்ஸின் வச்சி தைக்குது."

மறுநாள் மாமா மெல்லிய தகரத்தை வெட்டி மார்க்கவசம் அடிக்க ஆரம்பித்தார். அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்தது. என் கணவர் லாரியின் பழைய இண்டிகேட்டர் விளக்குகளைக் கொண்டுவந்து நெஞ்சில் பொருத்தச் சொன்னார். அது அங்கே போயிற்று. மாமா தலைக்கவசத்துக்கே கீல் வைத்து, முகமூடி திறந்து மூடுகிற மாதிரி தாழ்ப்பாளும் போட்டார். நான் தைத்துக்கொண்டே யோசிப்பேன். வெறுக்கிற ஆளைப் பற்றி யாராவது இவ்வளவு விசாரிப்பார்களா? என் கணவர் தினமும் ஏதாவது ஒரு சாக்கில், "அந்த வூட்ல வேல எந்த மட்டுல கீதாம்?" என்று கேட்காமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

ஒத்திகை மட்டும் சேர்ந்து நடக்கவில்லை. அக்கா மகள் துடைப்பக் கட்டையை ஈட்டியாகப் பிடித்து என் கணவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அவள் வீட்டில் துணி காயப்போடும் கயிற்றைச் சுழற்றி அவள் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இருவரும் நேருக்கு நேர் நிற்கப்போவது பிறந்தநாள் அன்றுதான். "மாத்தி அடிச்சிக்கப் போறாங்க சித்தி" என்று அவளுக்குப் பயம். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். இத்தனை வருஷம் அடக்கிவைத்தது ஈட்டியில் வந்து நின்றால் என்ன செய்வது?

அன்று மாடி நிறைய பிள்ளைகள். வெயில் தணிந்திருந்தது. இந்தப் பக்கப் படியில் சிவப்பு ஏறி வந்தது, தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து நீலம் வந்தது. இரண்டு பேருக்கும் முகம் தெரியவில்லை. மாமா ஒல்லியான உயரம். என் கணவர் குள்ளம், நல்ல அகலம். தகரத்திலும் ரெக்ஸினிலும் புகுந்த பிறகு இருவருமே வேறு ஆட்களாகத்தான் இருந்தார்கள்.

ஈட்டி பாய்ந்தது. என் கணவரின் தோளுக்கு அரை விரல் தூரத்தில் வந்து நின்றது. அவர் சாய வேண்டிய நேரத்தில் சரியாகச் சாய்ந்தார். சங்கிலி சுழன்று வரும்போது மாமா குனிந்தார். அதில் ஒரு தாமதமும் இல்லை. ஒத்திகையே பார்க்காதவர்களுக்கு இது எப்படி வந்தது என்று நான் திகைத்தேன். பிறகு நினைவு வந்தது. என் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்குக் கூரைத் தகடு போட்டவர்கள் இவர்கள் இருவரும்தான். கீழிருந்து இவர் தூக்கிக் கொடுக்க, மேலே நின்று அவர் வாங்குவார். ஒரு வார்த்தை கூட இல்லாமல் ஒரு பகல் முழுக்க அந்த வேலை நடந்தது. அந்தக் கைகள்தான் இப்போது சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

கடைசி அடிக்கு முன்னால் பிளாஸ்டிக் சங்கிலியின் நுனியிலிருந்த கம்பிக் கொக்கி மாமாவின் முகமூடித் தாழ்ப்பாளில் மாட்டியது. என் கணவர் இழுத்தார். தாழ்ப்பாள் வளைந்து உள்ளே அமுங்கியது. மாமா ஈட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலைக்கவசத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். மாமா மண்டியிட்டு உட்கார்ந்தார். தகரத்துக்குள்ளிருந்து மூச்சிரைக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

என் கணவர் தன் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினார். லாரியின் டூல் பாக்ஸோடு திரும்பி வந்து எதிரில் முட்டி போட்டார்.

"அசையாத இருங்க. மூச்ச வுடுங்க, மெதுவா."

பல வருஷங்களுக்குப் பிறகு அவரிடம் இவர் பேசிய முதல் வார்த்தை அது.

உள்ளிருந்து குரல் வந்தது. "தாழ்ப்பாள தொடாத. கீலு பக்கம் வையி. ரெண்டே ரிவிட்டு."

"சரிண்ணா."

ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பினார். ஒரு பக்கம் தெறித்தது, மறுபக்கமும் தெறித்தது. முகமூடி கழன்று வந்தது. மாமாவின் முகம் சிவந்து வியர்வையில் முங்கியிருந்தது. அரை அடி தூரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா தண்ணீரோடு ஓடி வந்தாள். என் கணவர் எழுந்து டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். மாமா தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இதெல்லாம் கதையில் உள்ளதுதான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். என் மகளுக்கு மட்டும் வருத்தம், யார் ஜெயித்தது என்று சொல்லவே இல்லையாம்.

இனிமேல் பேசிவிடுவார்கள் என்று நானும் அக்காவும் நம்பினோம். பேசவில்லை. மறுநாளும் அதே மௌனம்தான். ஆனால் அக்கா மகள் புத்திசாலி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு என் கணவரிடம் வந்தாள்.

"சித்தப்பா, செங்கவசன் மாரி நீலக் காவலனுக்கு ஒரு வாய்ஸ் அனுப்புங்க. சும்மா, வெளையாட்டுக்கு."

அவர் போனை வாங்கினார். பிறகு தொடரில் வருகிறவன் மாதிரி குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு பேசினார். "நீலக் காவலனே, செங்கவசன் பேசுகிறேன். என் ரதத்தின் பின்கதவு ஒடிந்து தொங்குகிறது. மலை ரோட்டில் கிழங்கெல்லாம் கொட்டிவிடும் போல இருக்கிறது."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன். சாயங்காலம் பதில் வந்தது. மாமாவுக்கு நடிக்க வராது. குரலை மாற்றவும் தெரியவில்லை. "செங்கவசனே, ரதத்த நாளைக்கு காலைல பட்டறைக்கு ஓட்டியாரவும். வெயிலு வர்றதுக்கு முன்னாடி."

ஓட்டிக்கொண்டு போனார். மாமா பற்றவைத்தார். அப்போதும் நேரில் பேச்சில்லை. இவர் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்க் கடையில் போய் நின்றுகொண்டாராம். வேலை முடிந்ததும் மாமா சாவியை டயர் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். அதன்பின் எதுவானாலும் கிரக மொழியில்தான். தண்ணீர் மோட்டார் ரிப்பேர், ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டது, அக்காவுக்குக் காய்ச்சல் என்று எல்லாச் செய்தியும் நீலக் காவலனும் செங்கவசனுமாகப் போய் வந்துகொண்டிருந்தன. வேஷம் போட்டுக்கொண்டால் பேச முடிகிறது, இல்லாவிட்டால் முடியவில்லை. அந்த வேஷத்தை விலக்கிப் பார்த்தால் என்ன இருக்கும் என்பதுதான் எனக்குத் தீராத கேள்வி.

காலாண்டுப் பரீட்சை லீவில் கல்வராயன்மலைக்குப் போவதாக முடிவாயிற்று. மாமாவின் பழைய கார். மலை வளைவுகள் பழக்கம் என்பதால் என் கணவர் ஓட்டினார். கால் நீளம் என்பதால் மாமா முன்சீட்டில். பின்னால் நான், அக்கா, இரண்டு பெண்கள். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் வரும்வரை தொடரின் கடைசி பாகத்தைப் பற்றிப் பெண்கள் பொருமிக்கொண்டே வந்தார்கள். முதல் நாள்தான் அது வெளியாகியிருந்தது. எங்கிருந்தோ ஒரு பெரிய பூதம் வந்ததாம், நீலமும் சிவப்பும் சேர்ந்து அதை அடித்தார்களாம், அதோடு தொடர் முடிந்துவிட்டதாம்.

"ஏன் சண்ட போட்டாங்கன்னே சொல்லல" என்றாள் என் மகள்.

"ஏன் வுட்டுக் குடுத்தாங்கன்னும் சொல்லல" என்றாள் பெரியவள். பிறகு முன்சீட்டுகளின் நடுவில் தலையை நீட்டினாள். "யப்பா, அவங்கதான் சொல்லல. நீங்களும் சித்தப்பாவும் ஏன் பேசறதில்ல?"

வண்டி இரண்டு வளைவு ஏறியது. மூன்றாவது வளைவில் சாலையோரம் கொஞ்சம் அகலமாக இருந்தது. என் கணவர் காரை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தப்ப, அண்ணன் பாண்டிக்குப் போவலாம்னாரு. நான்தான் சேலம்னு சொன்னேன். ஆத்தூரு தாண்டல. அண்ணன் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

அப்பா ஆம்புலன்ஸில்தான் இறந்தார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எந்த ஊருக்குப் போவது என்று யார் முடிவு செய்தார்கள் என்பதை நான் ஒருபோதும் யோசித்ததில்லை.

மாமா மெதுவாகத் திரும்பினார். "நீ எங்க சேலம்னு சொன்ன? நான் சொன்னேன் சேலம்னு. நீதான் பாண்டின்ன."

"இல்லண்ணா. நான் சேலம்னு சொன்னேன். உங்க கிட்ட ஒரு வார்த்த கூட கேக்கல."

"ஆம்புலன்ஸ் கதவ சாத்திக்கினு டிரைவர்கிட்ட சேலம்னு சொன்னவன் நான். உன் பேச்ச கேட்டிருந்தா பொழச்சிருப்பாரோன்னு இன்னி வரைக்கும் நெஞ்சு அறுக்குது. நீயும் அத நெனச்சித்தான் என் மூஞ்ச பாக்கலன்னு இருந்தேன்."

"உங்கள நான் எதுக்குண்ணா அப்பிடி நெனைக்கப் போறேன்? தப்பு பண்ணது நானு."

"இன்னாப்பா பேசுற? எனக்குத் தெரியாதா?"

குரல் ஏறியது. பழியை ஏற்றுக்கொள்வதற்காக இரண்டு பேர் சண்டை போட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லை. அக்கா முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் நிறுத்துங்க. சேலம் பக்கம் ரோடு நல்லாகீதுன்னு அந்த ஆம்புலன்ஸ் தம்பிதான் சொல்லிச்சி. நான் காதால கேட்டேன்" என்றாள்.

இருவரும் ஒரே நேரத்தில், "இல்ல" என்றார்கள்.

என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் நான் உள்ளே அப்பாவின் வேட்டி துண்டைப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். வெளியில் பேச்சுச் சத்தம் கேட்டது. சொல் கேட்கவில்லை. இத்தனை நாள் இவர்களுடைய கோபத்தின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கோபம் என்று ஒன்று இருக்கவே இல்லை. மற்றவர் வாயைத் திறந்தால் தன் பயம் உண்மையாகிவிடும் என்று இருவரும் ஒதுங்கி ஒதுங்கி நடந்திருக்கிறார்கள். அப்பா எந்த ஊருக்குப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. சின்னசேலம் தாண்டும்போதே அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று கூடப் போன அக்கா சொல்லியிருக்கிறாள்.

பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. என் கணவர் காரைக் கிளப்பினார். மாமா கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாமை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருமுறை மட்டும், "அந்த வளைவுல கியர கம்மி பண்ணு" என்றார். இவர், "தெரியும்ணா" என்றார்.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் இருவரும் வெளியே வர மறுத்து மறுத்து நனைந்தார்கள். அக்கா கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதத்தைப் பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். சகலைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதிகம் பேசவில்லை. அப்பளம் நமுத்துப்போய்விட்டது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

அதற்கப்புறம் பேச்சு திரும்பிவிட்டது. ஆனால் நானும் அக்காவும் எதிர்பார்த்த பேச்சு இல்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது அந்த நாளை எடுத்துவைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். மாமா போன் போடுவார். "இன்னாப்பா, அன்னிக்கி முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காந்தது யாரு? நீயா, நானா?" இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, யார் எந்தப் பக்கம் நின்றார்கள், கதவு எந்தக் கையில் சாத்தப்பட்டது என்று விவரிப்பார். எனக்கும் வேலை ஓடாது. மிஷின் மிதியில் காலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். வழியில் தலைவாசல் ஊர் வரை நடந்ததில் இருவர் சொல்வதும் பொருந்தி வருகிறது. வீட்டு வாசலில் நடந்ததுதான் பொருந்துவதில்லை. எனக்கே சில சமயம் என் கணவர் சொல்வது சரி என்று தோன்றும். அக்கா வீட்டுக்குப் போய் மாமா சொல்வதைக் கேட்டால் அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

போன வாரம் கேட்டேன். "இதத் தெரிஞ்சிக்கினு இன்னாங்க பண்ணப் போறீங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அவரு சொல்றது தப்பு. அவ்ளோதான்."

"எங்க கெளம்பிட்டீங்க?"

"அண்ணன் வூட்டுக்கு" என்று செருப்பைத் தேடினார்.